நேர்மையான பிசுக்கு

பஸ் வீடுகள் நிற்கிற எங்கள் பார்க்கில் ஒரு குடும்பம் நல்ல குடும்பமா என்று தெரிந்துகொள்ள, அதன் கழிவுக் குழாயை முகர்ந்து பார்த்தால் போதும். இது நானாகச் சொல்வதில்லை. பார்க்கை நிர்வகிக்கிற போர்டு கூடித் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறது. முகர்வதற்கு ஆள் போட்டு, அவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜும் கொடுத்திருக்கிறார்கள். அந்த பேட்ஜுகளில் ஒன்று இப்போது என் சட்டையில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பார்க்கில் யாரையும் நம்புவதற்கில்லை.

என் பெயர் ராய்ஸ். நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். நானும் என் மனைவி நோரினும் வீட்டை விற்றுவிட்டு, படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பஸ் வீடு ஒன்றை வாங்கினோம். பனி விழ ஆரம்பித்ததும் தெற்கே இறங்கி, அரிசோனா பாலைவனத்தில் காப்பர் மெஸா பார்க்கில் கொண்டுவந்து நிறுத்துவோம். எங்களைப் போல் குளிருக்குப் பயந்து ஓடிவந்த கிழடுகள்தான் அங்கே எல்லாரும். நிழல் என்று சொல்ல நாலைந்து சீமைக்கருவேல மரங்கள். அதில் ஒன்றின் கீழ் எங்கள் இடம். நிழலை விடுங்கள். பக்கத்து இடத்தில் நிற்பது நோரினின் அக்கா கார்லிஸின் வண்டி. கார்லிஸுக்குக் கண் பார்வை போய்க்கொண்டே இருக்கிறது. தினமும் சாயங்காலம் நோரின் போய் அவளுக்குத் துப்பறியும் கதை படித்துக் காட்டுவாள். கொலைகாரன் யார் என்று கார்லிஸ் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவாள், பாதி நேரம் சரியாகவும் இருக்கும். பருவத்தின் நடுவில் எங்களைப் பார்க்கை விட்டு வெளியேற்றினால் பக்கத்தில் வேறெங்கும் இடம் கிடையாது. அக்கா ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று ஆகிவிடும். எனக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

இப்போது தொட்டி சமாசாரம். வண்டியின் அடிவயிற்றில் இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்று கழிப்பறைக்கு, அதை விட்டுவிடுவோம். மற்றது சாம்பல் தொட்டி, அழுக்குத் தண்ணீரின் நிறத்தை வைத்து வந்த பெயர். பாத்திரம் கழுவின தண்ணீரும் குளித்த தண்ணீரும் அதில் வந்து சேரும். அதற்கு ஒரு வால்வு உண்டு. வால்வைத் திறந்தால் தண்ணீர் குழாய் வழியாகத் தரையில் இருக்கும் பொதுச் சாக்கடைக்குப் போய்விடும். வால்வை மூடி வைத்து, தொட்டி நிறைந்ததும் ஒரே மூச்சாகத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் அந்த வேகத்தில் பிசுக்கும் அடித்துக்கொண்டு போகும். சோம்பேறிகள் வால்வைத் திறந்தே போட்டுவிடுவார்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஓடிவிடும், கொழுப்பு மட்டும் தொட்டியின் தரையில் அப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எங்கள் பார்க்கில் முக்கால்வாசிப் பேர் திறந்துபோடுகிற ஜாதிதான்.

நான் அப்படியில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு மாரடைப்பு வந்தது. அன்றோடு பேக்கன் என்கிற கொழுப்புப் பன்றிக்கறி, சாசேஜ், வெண்ணெய் மூன்றும் எங்கள் வீட்டில் நின்றுபோயின. தட்டில் ஒட்டியிருக்கிறதைக்கூட நோரின் காகிதத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவாள். அதற்கு மேல், காஸ் நிரப்ப ஊருக்குள் வண்டியை எடுக்கும்போதெல்லாம் ஒரு மூட்டை ஐஸ் கட்டியும் கொஞ்சம் சோப்பும் சாம்பல் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டு கிளம்புவேன். வளைவில் திருப்பினால் ஐஸ் உருண்டு தொட்டியைத் தேய்க்கும். பஸ் ஓட்டினவனுக்கு வளைவில் எப்படித் திருப்புவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கடகட சத்தம் எனக்குக் கேட்கப் பிடிக்கும். அதை வேறு சிலரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜனவரியில் நாற்றம் வந்தது. பழைய பொரித்த எண்ணெயில் யாரோ காலுறையை ஊறவைத்த மாதிரி ஒரு நாற்றம். கிளப் ஹவுஸ் பக்கத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டு, மூடி வழியாகச் சாம்பல் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால், நானும் ஊரில் ஒருவரைக்கூட விடாமல் சந்தேகப்பட்டேன். எதிர் வண்டி எல்டன்மேல்தான் முதலில். டெக்சாஸ்காரன், காலை மாலை பேக்கன் வறுக்கிறவன். அவன் என்னைச் சந்தேகப்பட்டான். இரண்டு பேரும் காலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் குழாயை ஒருத்தர் பார்த்தபடி காப்பி குடித்தோம்.

போர்டு தலைவர் ஹார்லன் கிம்பல் இந்த மாதிரி ஒரு நாற்றத்துக்காகவே காத்திருந்தவர் மாதிரி களத்தில் குதித்தார். அவர் காப்பீட்டுக் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "வீடு எரிஞ்சுபோச்சுன்னு வருவாங்க. பக்கத்து வீடு ஏன் எரியலைன்னு கேப்பேன். அங்கயே பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் தலைமையில் பிசுக்கு விழிப்புணர்வுக் கமிட்டி உருவானது. மூக்குக்கு லவோன் என்ற அம்மாளை நியமித்தார்கள். அவர் பெரிய கடையொன்றில் வாழ்நாளெல்லாம் சென்ட் விற்றவர். அந்தத் தகுதி போதும் என்று கைதூக்கி முடிவு செய்தார்கள். நானும் கைதூக்கினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

பரிசோதனைக்கு ஒரு சடங்கே வைத்துவிட்டார்கள். கழிவுக் குழாய் வண்டியோடு சேரும் இடத்தில் முழங்கை மாதிரி வளைந்த, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். எல்லாரும் அதைக் கண்ணாடி முழங்கை என்போம். கமிட்டி வந்ததும் வண்டிக்காரர் தொப்பியைக் கழற்ற வேண்டும். ஹார்லன் வால்வைத் திறக்கச் சொல்வார். தண்ணீர் முழங்கையைக் கடந்து போகும்வரை யாரும் பேசக் கூடாது. பிறகு முழங்கையைக் கழற்றி லவோனிடம் நீட்டுவார்கள். அந்த அம்மாள் கண்ணை மூடி, ஒரு முறை மெதுவாக இழுத்து, கையில் இருக்கும் காப்பிக்கொட்டைப் பொட்டலத்தை முகர்ந்து மூக்கைச் சுத்தம் செய்துகொண்டு, மறுபடி இழுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "பேக்கன். ஹிக்கரி மரப் புகை போட்டது. முந்தாநாள் ராத்திரி." எல்டன் வண்டியில் அப்படித்தான் சொன்னார். எல்டன் முழங்கையில் பிசுக்கு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. மாட்டினான் பயல் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் வண்டியில் தண்ணீர் பளிச்சென்று போனது. முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். லவோன் முகர்ந்தார், காப்பிக்கொட்டையை முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். கடைசியில் ஹார்லன் காதில் ஏதோ கிசுகிசுத்தார். ஹார்லன் என்னைப் பார்த்த பார்வையில் அவர் பழைய உத்தியோகம் தெரிந்தது.

"ராய்ஸ், தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணுமே இல்லையே?"

"அதானே வேணும்னீங்க?"

"எல்டன் தொட்டில அவரோட பிசுக்கு இருக்கு. அவரு வச்சிருக்கார், கண்ணுக்குத் தெரியுது. உங்களோடது எங்க போச்சு?"

நாங்கள் கொழுப்பே சாப்பிடுவதில்லை என்றேன். உடனே லவோன், கடகடவென்று ஐஸ் உருட்டிக்கொண்டு ஊருக்குள் போகிறீர்களாமே, கொழுப்பே சாப்பிடாதவருக்கு ஐஸ் எதற்கு என்று கேட்டார். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எதிரே எல்டன் காப்பியை ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை கிளப் ஹவுஸில் விசாரணை. நாற்றம் தாங்காமல் ஜன்னல்களை மூடியிருந்தார்கள், அதனால் நாற்றம் எங்களோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஹார்லன் எழுந்து கமிட்டியின் கண்டுபிடிப்பை விளக்கினார். தொட்டியில் பிசுக்கு வைத்திருப்பவர் தன் பிசுக்குக்குத் தானே பொறுப்பேற்றுக்கொண்டவர். தொட்டியைக் கழுவுகிறவர் தன் பிசுக்கை ஊர்த் தலையில் தள்ளிவிடுகிறவர். ஆகவே எவர் தொட்டி சுத்தமோ அவரே குற்றவாளி. கூட்டத்தில் ஆஹா என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. வால்வைத் திறந்தே போடுகிற முக்கால்வாசிப் பேருக்கும் தாங்கள் இத்தனை நாள் எவ்வளவு நல்லவர்களாக இருந்திருக்கிறோம் என்று அன்றுதான் தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கிளப் ஹவுஸில் போர்டு நடத்தும் பான்கேக் விருந்தில் ஊருக்கே பேக்கன் வறுக்கிறார்களே, அந்தக் கொழுப்பை இதோ இந்தச் சிங்கில்தானே கொட்டுகிறார்கள், அடைத்துக்கொண்டதும் இந்தச் சுவருக்குப் பின்னாலேதானே என்று கேட்டுவிட்டேன். நோரின் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஹார்லன் கோபப்படவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நல்ல கேள்வி. பான்கேக் விருந்து இந்தப் பார்க்கோட பாரம்பரியம். அந்தக் கொழுப்பை நாங்க யாருக்கும் தெரியாம ஊத்தலை. எல்லார் கண்ணு முன்னாடியும், பொதுச் சிங்க்ல, நல்லா சுடுதண்ணி விட்டு ஊத்துறோம். நானே ஊத்துறேன். ஒளிக்கிறவன்தானே குத்தவாளி? அப்புறம் அது தனி ஆளோட கொழுப்பு இல்ல, போர்டோடது. போர்டுன்னா யாரு? நீங்கதான். உங்க கொழுப்பு மேல நீங்களே புகார் குடுக்குறீங்களா ராய்ஸ்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எல்டன் விசில்கூட அடித்தான். அடுத்த பரிசோதனைக்குள் எங்கள் தொட்டியில் மரியாதையான அளவு பிசுக்கு காணப்படாவிட்டால் நாங்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் ஆனது. அக்கா பக்கத்தில் இருக்கிறாள், பார்வை இல்லாதவள் என்று நோரின் எழுந்து சொன்னாள். அனுதாபம் குறித்துக்கொள்ளப்பட்டது என்றார் ஹார்லன்.

அதற்குப் பிறகு பார்க் பார்க்காகவே இல்லை. வால்வை மூடி வைத்திருந்த நாலைந்து பேரும் அவசர அவசரமாகத் திறந்துவிட்டார்கள். கடையில் பாத்திர சோப்பு வாங்கினால், எதற்கு என்று கேட்டார்கள். ஐஸ் வாங்கினால் கையில் குடிக்கக் கிளாஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சாலட் சாப்பிடுகிற ஒரு தம்பதியைப் பார்த்ததும் மற்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நாற்றம் இரட்டிப்பானது. அதற்கும் ஹார்லனிடம் பதில் இருந்தது. "நாத்தம் ஜாஸ்தியாயிருக்குன்னா, மறைச்சு வச்சதெல்லாம் வெளிய வருதுன்னு அர்த்தம். கமிட்டி வேலை செய்யுது."

எனக்கு இருந்தது ஒரே வழி. பிசுக்கு தேட வேண்டும். சமைத்து உண்டாக்கலாம் என்றால் நோரின் வீட்டுக்குள் பேக்கனை நுழைய விடமாட்டாள். என் இதயம் நிற்பதைவிட அவள் கத்துவது எனக்குப் பயம். ஊரெல்லாம் மதியத் தூக்கம் போடும் நேரத்தில் எல்டன் வண்டிக் கதவைத் தட்டினேன். பேக்கன் கொழுப்பைக் காப்பி டப்பாக்களில் ஊற்றி, சிங்குக்குக் கீழே அடுக்கி வைக்கிற பழக்கம் தெற்கத்திக்காரர்களுக்கு உண்டு. அவன் வீட்டில் அது ஒரு பெட்டகமே இருந்தது.

"ஒரு டப்பா குடு எல்டன்."

"எதுக்கு? உனக்குத்தான் இதயம் சரியில்லையே."

"தொட்டிக்கு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இது என் சோள ரொட்டிக்கு வச்சது. எங்கம்மா இரும்புச் சட்டில சுட்டது மாதிரி வரணும்னா இதுதான் வேணும். இதைப் போய் சாக்கடைல ஊத்துவியா? நீ மனுசனா?" சொல்லிவிட்டு, குனிந்து அடியில் இருந்த பழைய டப்பா ஒன்றை எடுத்து நீட்டினான். "புதுசு தரமாட்டேன். போ. நான் குடுத்தேன்னு வெளிய சொன்னே, தெரியும்."

என்னை மாட்டிவிட்டவனே எனக்குக் கொழுப்பும் கொடுத்தான். அவன் எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வெந்நீரில் கரைத்து, நோரின் அக்கா வீட்டில் இருந்த நேரமாகப் பார்த்து, குளியலறை வடிகாலில் ஊற்றினேன். ஒரு டப்பா போதவில்லை. மறுபடி போனேன். பழகிப்போயிற்று. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் விளக்கு, தொட்டி காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கிறது என்று எரிய ஆரம்பித்தது. எனக்குப் பரம திருப்தி. ஒரு நாள் காலையில் குளிக்க நின்றபோது தண்ணீர் கீழே போகாமல் கணுக்கால்வரை ஏறியது, மேலே வெள்ளையாக ஏடு மிதந்தது. நோரின் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என் சட்டையை எடுத்து முகர்ந்தாள். லவோன் அம்மாள் தோற்றார் போங்கள்.

"பேக்கன்" என்றாள். "எல்டன் வீட்டுக்குப் போய்த் தின்னுட்டு வர்றியா? ஆஸ்பத்திரில அந்த நாற்காலில உட்கார்ந்து நான் பட்டது போதாதா ராய்ஸ்?"

தின்னவில்லை, சத்தியமாக ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை, தொட்டியில்தான் ஊற்றினேன், உன் அக்காவை விட்டு நீ பிரியக் கூடாதென்றுதான் ஊற்றினேன் என்றேன். எதை நம்பினாலும் நம்புவாள், இதை நம்பவில்லை.

"தின்னேன்னு சொல்லு, மன்னிச்சிடறேன். சுத்தமா இருந்த தொட்டில கொழுப்பை ஊத்தினேன்னு மட்டும் சொல்லாதே. என்னைப் பைத்தியக்காரின்னு நினைச்சியா?"

தலையணையை எடுத்துக்கொண்டு அக்கா வண்டிக்குப் போய்விட்டாள். அக்காவோடு அவளைச் சேர்த்து வைக்க நான் பட்ட பாடு வீண்போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பரிசோதனையில் நான் அமோகமாகத் தேறினேன். முழங்கையில் தண்ணீர் போக இடமே இல்லை. லவோன் ஒரு முறைதான் இழுத்தார், காப்பிக்கொட்டையைத் தேடவில்லை. ஹார்லன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திருந்திய மனிதரைவிடச் சிறந்த காவலர் கிடையாது என்று சொல்லி, அங்கேயே என் சட்டையில் பேட்ஜைக் குத்தினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்பவனை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஹார்லனுக்குப் பின்னால் நடந்து, முழங்கைகளைக் கழற்றி லவோனிடம் நீட்டுகிற வேலை எனக்கு. இரவில் தனியாகப் பீன்ஸ் சாப்பிட்டுவிட்டு, அந்த நாற்றத்தில் படுத்துக்கொண்டு, பக்கத்து வண்டியிலிருந்து நோரின் கதை படிக்கும் சத்தத்தைக் கேட்பேன். யார் கொலைகாரன் என்று கேட்காமலே தூங்கிவிடுவேன். என் வண்டியில் எதைத் தொட்டாலும் பிசுபிசுத்தது. கதவுப் பிடி, ஸ்டியரிங், என் கை எல்லாம். சோப்பு வாங்கப் போனால் எதற்கு என்று கேட்பார்களே.

பிப்ரவரிக் கடைசியில் கார்லிஸின் வண்டி முறை வந்தது. கமிட்டி போய் நின்றது, நான் ஹார்லனுக்குப் பின்னால் நின்றேன். கார்லிஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். நோரின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் பேட்ஜைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"வால்வைத் திறங்க" என்றார் ஹார்லன்.

நோரின் திறந்தாள். அவள் அங்கே குடிபோய் ஒரு மாதம் ஆகிறது. இவள் இருக்கிற இடத்தில் பிசுக்கு இருக்குமா? வெந்நீர், சோப்பு, எதையும் விட்டிருக்கமாட்டாள். தண்ணீர் மலைச் சுனை மாதிரி முழங்கையைக் கடந்து போனது. கார்லிஸால் வண்டி ஓட்ட முடியாது, கண் தெரியாது. வெளியே போ என்றால் எங்கே போவாள்? போர்டு அனுதாபத்தைக் குறித்துக்கொள்ளும். ஹார்லன் இன்னும் குனியவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லவோன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

முழங்கையைக் கழற்ற வேண்டியது நான். முதுகை அவர்களுக்குக் காட்டி மண்டியிட்டேன். கழற்றினேன். என் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். கட்டைவிரலை விட்டு இன்னொரு சுற்று. எதுவும் தேடவேண்டியிருக்கவில்லை, வேண்டியதெல்லாம் என் கையிலேயே இருந்தது. எல்டனின் அம்மாவுடைய இரும்புச் சட்டி வாசனைகூட அதில் இருந்திருக்கும். தலையைத் தூக்கினால் நோரின் நேராக என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்கையை நீட்டினேன். லவோன் கண்ணை மூடி இழுத்தார்.

"பேக்கன்" என்றார். "பழசு. ஆனா நேர்மையானது."

ஹார்லன் தொப்பியைத் தொட்டு கார்லிஸுக்கு வணக்கம் சொன்னார். இந்த மாதிரி நல்ல குடும்பங்களால்தான் பார்க் பிழைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்த்து நடந்தார். லவோனும் போனார். நான் அங்கேயே மண்டியிட்டுக் கிடந்தேன்.

"கொலைகாரன் மாட்டிக்கிட்டானா?" என்று படியிலிருந்து கார்லிஸ் கேட்டாள்.

"மாட்டிக்கிட்டான்" என்றாள் நோரின். உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, என் முன்னால் ஒரு காகிதத் துண்டை நீட்டினாள்.

"கையைத் துடைச்சுட்டு உள்ள வா. என் சிங்க்ல கழுவாதே."